மங்களம் பாடும் வரை

என் அம்மாவை ஊரே அம்மா என்று கூப்பிட்டது. நான் மட்டும் சித்தி என்று கூப்பிட்டேன்.

இதை யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, இன்னும் சிரிப்பு வரவில்லை. அம்மா ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம் கட்டுகிறவள். மாசி, பங்குனியில் திண்டுக்கல்லைச் சுற்றி எந்த ஊரில் திருவிழா என்றாலும் நாடக நோட்டீசில் அம்மாவின் படம் இருக்கும். அம்மாவிடம் தேதி வாங்கிய பிறகுதான் சாமிக்கே தேதி குறிப்பார்கள் என்று பெரியப்பா பீற்றிக்கொள்வார். பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மீதி நிஜம்.

கதாநாயகி என்றால் கன்னிப்பெண். அவளுக்கு இடுப்பில் பிள்ளை இருக்கக் கூடாது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் கொட்டகைக்குப் பின்னால் வீல் என்று அழுதிருக்கிறேன். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "பிள்ளைக்காரியவா புக் பண்ணிருக்கோம்?" என்று கேட்டாராம். "எங்கக்கா பிள்ளைங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்த நேரத்துக்கு வாயில் வந்த வார்த்தை, அப்படியே நின்றுவிட்டது. ஆர்மோனியம் வாசித்த அப்பா, நான் நடக்கப் பழகும் முன்பே காமாலையில் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு நாங்கள் திண்டுக்கல்லுக்குக் குடி வந்தோம். பெரியம்மா, பெரியப்பாவுக்குப் பிள்ளை கிடையாது, அவர்களும் எங்களோடு ஒரே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். புதுத் தெரு. நான் பெரியம்மா மகள் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எங்கள் வீட்டில் பகல்தான் ராத்திரி. அம்மா காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். கதவைச் சாத்தியதும் தேங்காயெண்ணெயை முகத்தில் தேய்த்துப் பழைய துணியால் துடைப்பாள். அரிதாரம் கன்னத்தில் கரைந்து ஒழுகும். பாதி முகம் ரோஸ் நிறத்தில் இருக்கும், பாதி முகம் அம்மாவாக இருக்கும். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். முழு முகமும் வெளியே வந்த பிறகு, மெதுவாக, கதவுக்கு வெளியே கேட்காதபடி "அம்மா" என்பேன். "என்னடி" என்பாள்.

பிறகு தூங்குவாள். ஜன்னலில் ஈரத்துண்டைத் தொங்கவிட்டு நானும் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். தெருக்கோடிப் பட்டறையில் பூட்டுக்கு அரம் போடுகிற சத்தம் கேட்கும். அது நிற்கும், மறுபடி கேட்கும். துண்டு ஆடும்போதெல்லாம் சுவரில் வெளிச்சம் நீந்தும். அம்மா தூக்கத்தில் வசனம் பேசுவாள். "வந்திருப்பது யார்? வாய் திறந்து சொல்லலாகாதா?" என்று செந்தமிழில் கேட்பாள். "நாந்தாம்மா" என்று சொல்வேன். சொல்லாவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருப்பாள், பாவம். சொன்னதும் முகம் தெளிந்து நன்றாக உறங்கிப் போவாள். அந்த அரையிருட்டில் எது நாடகம், எது வீடு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இப்போதும் மதியத்தில் கண் அயர்ந்தால் அந்தச் சுவர்தான் வருகிறது.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், பபூன் வேறு ஊரிலிருந்து வருவார். மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அதனால் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எதிரே நிற்பவர் மேடையில் ஒன்றைச் சொல்லிவிட்டால் இல்லை என்று மறுக்கக் கூடாது. மறுத்தால் நாடகம் அங்கேயே படுத்துவிடும். சொன்னதை ஏற்றுக்கொண்டு மேலே போக வேண்டும். விடிந்து மங்களம் பாடும் வரை அதுதான் நிஜம்.

ஒருமுறை, நானும் கூடப் போயிருந்தபோது, ஒரு பபூன் வேண்டுமென்றே அம்மாவை மாட்டிவிட, "இந்தப் பொண்ணுக்குப் பொறந்ததுல இருந்தே எடது காலு ஊனமப்பா" என்று சொல்லிவிட்டார். ஜனம் சிரித்தது. அம்மா மறுக்கவில்லை. அந்த நிமிஷமே நொண்டத் தொடங்கி, ஆட்டம், பாட்டு, தர்க்கம் எல்லாவற்றையும் விடியும் வரை நொண்டிக்கொண்டே செய்தாள். மங்களம் பாடி முடித்த பிறகுதான் காலை ஊன்றினாள். அந்த மனிதர் டீ கிளாசோடு வந்து, "தங்கச்சி, கோவமா?" என்று கேட்டார். "தொழில்ல என்னண்ணே கோவம்" என்று கிளாசை வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் கோபம். பஸ்ஸில் அவள் காலைப் பிடித்துவிட்டேன். முன் சீட்டிலிருந்த ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்து, "யாரு, மகளா?" என்றார். "அக்கா மக" என்றாள் அம்மா.

அது அவள் பிழைப்புக்காகச் சொன்ன பொய். நான் வளர்ந்ததும் எனக்காகச் சொல்கிற பொய்யாக மாறிவிட்டது. நாடகக்காரி மகளுக்கு யார் மாப்பிள்ளை தருவார்கள்? கீரனூரில் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பத்திலிருந்து வரன் வந்தது. பெரியம்மாவும் பெரியப்பாவும் மணையில் நின்று தாரை வார்த்தார்கள். அம்மா பந்தலில் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழைப் பரிசு கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போனாள். கல்யாணமான மாதமே என்னால் தாங்க முடியாமல் என் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். "எனக்குத் தெரியும் புள்ள. கண்ணாலத்தன்னிக்கு அழுதது அவிங்க ஒருத்தருதான்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அந்த மனிதரோடு இத்தனை வருஷம் சண்டை போட்டுக்கொண்டே சந்தோஷமாக இருக்கிறேன்.

பிறகு நாங்கள் திண்டுக்கல்லுக்கே வந்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளவுஸ் தைக்கிற கடை போட்டேன். பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். பொய்யைச் சுமந்தவர்களே போன பிறகு இனி எதற்கு அது என்று நினைத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் எழுத்தாளர்கள் வந்து சேர்ந்தார்கள்.

முதலில் வந்தவர் சின்னாளப்பட்டியில் ஒரு பள்ளிக்கூட டீச்சர். சிறுகதை எழுதுகிறவர். நாடகப் பெண்களைப் பற்றி எழுத வேண்டுமென்று அம்மாவைத் தேடி வந்தார். அம்மாவுக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. "இவ எங்கக்கா மக" என்று வழக்கம்போல என்னைக் காட்டினாள். டீச்சர் வணக்கம் சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பிக்கொண்டார். எழுதுகிறவர்களுக்குக் கண் கூர்மை என்பார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

சில வாரம் கழித்து ஒரு மகளிர் விழாவுக்கு அம்மாவைக் கூட்டிப் போனார். நானும் அம்மாவின் வெந்நீர் பிளாஸ்க்கோடு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். டீச்சர் மைக்கில் உருகி உருகிப் பேசினார். கடைசியில், "இந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. கலைக்காகவே வாழ்ந்தவங்க. நாமதான் இவங்களுக்குப் பிள்ளைகள்" என்று முடித்தார். அவராகக் கட்டிக்கொண்ட கதை அது, யாரும் சொல்லவில்லை. மைக் அம்மாவின் கைக்கு வந்தது. அம்மா சிரித்தபடி, "ஆமா தாயி. பெத்தாத்தான் பிள்ளையா? இங்க உக்காந்திருக்க அம்புட்டுப் பேரும் எம்பிள்ளைகதான்" என்றாள். கைதட்டல் நிற்கவே இல்லை. நானும் தட்டினேன். தட்டாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவள் பார்ப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"அந்தப் பிள்ளை மேடையில சொல்லிருச்சு. நான் இல்லேங்கவா?"

"அது என்ன நாடகமா?"

"மைக் இருந்துச்சுல்ல" என்றாள்.

இதற்கு மேல் என்ன பேசுவது? பபூன் சொன்னதற்காக ஒரு ராத்திரி நொண்டியவள், டீச்சர் சொன்னதற்காக வருஷக்கணக்கில் மலடியாக நடந்தாள். டீச்சர் அதை எழுதினார். அதைப் படித்துவிட்டு மற்றவர்கள் எழுதினார்கள். பெற்றெடுக்காத தாய் என்று ஒரு பட்டமே வந்தது. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் எழுதுகிற பெண்கள் வந்து அம்மா காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிப் போனார்கள். பிறகு ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு நர்ஸ் வரத் தொடங்கினார். கவிதை எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் நர்ஸும் வராமல் இருக்க மாட்டார்கள்.

"எம்மகளுக ரெண்டு பேரும் வந்துருக்காளுக. வெஞ்சனம் பத்தாதுடி, இன்னும் ரெண்டு முட்டைய ஒடச்சு ஊத்து" என்று அம்மா அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முட்டையை உடைக்கிற உடையில் ஓடெல்லாம் உள்ளே விழுந்து, பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

அவர்கள் மேல் வெறுப்பாக இருக்க முடிந்திருந்தாலாவது தேவலை. முடியவில்லை, அதுதான் பெரிய எரிச்சல். டீச்சர் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்து வெங்காயம் உரிப்பார். நர்ஸ் அம்மாவுக்குப் பிரஷர் பார்த்துவிட்டு எனக்கும் பார்ப்பார். ஒருநாள் பட்டையைச் சுற்றிக்கொண்டே என் காதைப் பார்த்தார். "ஏனுங்கக்கா, உங்க காதும் அம்மா காதும் ஒரே அச்சுங்க" என்றார். "அக்கா மகன்னா இருக்காதா" என்று கையை இழுத்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "கைய நீட்டுங்க, இன்னும் முடியலீங்க" என்றார்.

சாப்பிட்ட பிறகு அவர்கள் எழுதியதை வாசிப்பார்கள். அம்மா கண்ணை மூடிப் படுத்துக் கேட்பாள். நான் நிலைப்படியில் தலை சாய்த்து உட்கார்ந்திருப்பேன். டீச்சரின் குரல் சன்னமானது, ஒரே சீராகப் போகும். நர்ஸ் தன் கவிதையை யாருக்கோ மருந்து சொல்கிற மாதிரி மெதுவாகச் சொல்வார். ஜன்னலில் இப்போதும் ஈரத்துண்டு தொங்கும். சுவரில் வெளிச்சம் நீந்தும். யாரோ ஒருத்தி கிணற்றடியில் நிற்பாள், யாரோ ஒருத்தி ரயிலில் போவாள், அவர்கள் எல்லோரும் அந்த அறைக்குள் வந்து போய்க்கொண்டிருப்பார்கள். என் கண் செருகும். நான் மறுபடி சின்னப் பிள்ளையாகி அம்மா பக்கத்தில் படுத்திருப்பது போல இருக்கும். அவள் "வந்திருப்பது யார்" என்று கேட்கப் போகிறாள் என்று காத்திருப்பேன். கேட்க மாட்டாள். டீச்சர் வாசித்து முடித்திருப்பார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு மகளே" என்பாள். நான் எழுந்து காப்பி போடப் போவேன்.

இவர்களெல்லாம் வருவதற்கு முன்பு அம்மா கடைசியாக வேஷம் கட்டியதையும் இங்கே சொல்ல வேண்டும். அய்யலூர்ப் பக்கம் ஒரு ஊர். துணைக்கு நானும் போயிருந்தேன். மறுநாள் சந்தை என்பதால் ஆடுகளை ஓட்டி வந்து மேடைக்கு அருகே பட்டி போட்டிருந்தார்கள். நாடகம் முடிகிற கட்டம், கிழக்கே வெளுக்கத் தொடங்கிவிட்டது. அப்போது சொல்லாமல் கொள்ளாமல் மழை கொட்டியது. மைக்செட்காரர் ஒயரைப் பிடுங்கினார். ஜனம் பாயைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியது. ஆடுகள் பட்டியைத் தள்ளிக்கொண்டு மேடையில் ஏறிவிட்டன. அம்மா கிரீடத்தோடு நடுவில் நின்றாள். சுற்றிலும் நனைந்த ஆடுகள் ஆவி பறக்க நின்றன. ஒரு குட்டி அவள் ஜிகினாப் பாவாடையின் ஓரத்தை மென்றுகொண்டிருந்தது. அம்மா அதை விரட்டவில்லை. வாயைத் திறந்து மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனவில் கண்டது போலத்தான் அது என் நினைவில் இருக்கிறது, ஆனால் அந்தப் பாவாடை இன்னும் பீரோவில் இருக்கிறது, ஓரம் கடிபட்டபடி.

மங்களம் பாடவில்லை. அதன் பிறகு அம்மாவின் தொண்டை கெட்டது. இனிப் பாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "என் நாடகம் இன்னும் முடியலடி, பாதியிலயே நிக்கிது" என்று அம்மா அடிக்கடி சொல்வாள். தமாஷ் என்று நினைத்து விட்டுவிடுவேன்.

போன தை மாதம், எழுதுகிற பெண்களெல்லாம் சேர்ந்து அம்மாவுக்குப் பாராட்டு விழா நடத்துவதென்று முடிவானது. டீச்சர் தலைமை. விழாவுக்குக் கட்டிக்கொள்ள சின்னாளப்பட்டியிலிருந்து அரக்கு நிறச் சுங்குடிச் சேலை எடுத்து வந்தார். "அக்கா, நீங்கதான் பிளவுஸ் தைக்கணும்" என்று என் கையில் கொடுத்தார்.

அன்று மதியம் அம்மாவை நிற்க வைத்து அளவெடுத்தேன். தோள் குறுகியிருந்தது. மார்பளவுக்கு டேப்பைச் சுற்றும்போது அவள் என்னை அணைத்துக்கொள்வது போலக் கைகளைத் தூக்கி நின்றாள். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும்.

"அங்கயும் பிள்ளையில்லாதவன்னு சொல்லுவாங்க. நீயும் தலையாட்டுவ."

"சொன்னாச் சொல்லிட்டுப் போறாங்க. கைப் பக்கம் இறுக்காத, செத்த லூசா வையி."

"நாளைக்கு நீ செத்தா நான் எங்க உக்காருறது? அவங்க ரெண்டு பேரும் தலைமாட்டுல உக்காந்து அம்மான்னு அழுவாங்க. நான் அக்கா மகளா ஓரத்துல நின்னு வாரவுகளுக்குக் காப்பி குடுக்கவா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. அம்மா கையை இறக்கவில்லை. நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழனி ரோட்டில் ஒரு மண்டபத்தில். முன் வரிசை முழுக்க எழுத்தாளர்கள். பின்னால், எப்படியோ கேள்விப்பட்டு, பழைய நாடகம் பார்த்த பெரியவர்கள் துண்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் மூன்றாவது வரிசை, மடியில் பிளாஸ்க். பிளவுஸ் அம்மாவுக்குப் பாந்தமாக அமைந்திருந்தது. அதைத் தவிர வேறு எதிலும் எனக்கு அன்றைக்கு நம்பிக்கையில்லை. டீச்சர் பேசினார். பெற்றெடுக்காத தாய் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவைப் பேசச் சொன்னார்கள். அவள் மைக்கை வாங்கி, "எனக்குப் பேச்சு வராது. ஒரு வேலை பாக்கி கெடக்கு, அத முடிச்சிக்கிறேன்" என்றாள். பிறகு நர்ஸைப் பார்த்து, "சுருதி வையி தாயி" என்றாள். இருவரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. நர்ஸ் செல்போனில் சுருதி வைத்து மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

அம்மா மங்களம் பாடினாள். தொண்டை இரண்டு இடத்தில் உடைந்தது. உடைந்த இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். முன் வரிசைக்காரர்கள் இது ஏதோ பாட்டு என்று கை கட்டிக் கேட்டார்கள். பின்னால் இருந்த பெரியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவராக எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்கள். மங்களம் என்றால் ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டும்.

பாடி முடித்ததும் சேலைத் தலைப்பால் அம்மா முகத்தைத் துடைத்தாள். நெற்றி, கன்னம், தாடை என்று, எண்ணெய் தொட்டுத் துடைப்பாளே அதே வரிசையில். முகத்தில் அரிதாரம் ஒன்றும் இல்லை. துடைத்து முடித்து, கண்ணை இடுக்கி வரிசை வரிசையாகத் தேடினாள். மைக் வாய்க்கு நேராகத்தான் இருந்தது.

"ஏண்டி, எங்க உக்காந்திருக்க? வந்து அம்மாவக் கையப் பிடிச்சு எறக்கு. படி தெரிய மாட்டேங்குது."

மண்டபத்தின் நாலு மூலையிலும் அது கேட்டது. அம்மா யாரைக் கூப்பிடுகிறாள் என்று டீச்சர் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்தேன். பிளாஸ்க் மடியிலிருந்து விழுந்து உருண்டது. கால் நகர்ந்தது. ஆனால் நாலு பேர் இருக்கிற இடத்தில் என் வாய்க்கு ஒன்றுதான் பழக்கம்.

"இந்தா வாரேன் சித்தி" என்றேன்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் காத்திருந்துவிட்டு, நானே கெடுத்துவிட்டேன். அம்மா மைக்கை இறக்கவில்லை. மைக் ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்று தெரியாதவள் இல்லை என் அம்மா.

"இன்னும் என்னடி சித்தி? அதான் மங்களம் பாடியாச்சுல்ல."

டீச்சர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கையிலிருந்த பேப்பரை மடித்தார். நர்ஸ் அழுதுகொண்டே தன் காதைத் தொட்டுக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் படியேறி அம்மாவின் கையைப் பிடித்தேன். "வாரேம்மா" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் போய் இன்னொரு தடவை சொன்னேன்.